பர்ச்சேஸ் ஆர்டருக்குப் பிறகு

அரசுத் துறைகளிலும் வாரியங்களிலும் கழகங்களிலும் கொள்முதல் பிரிவுக்குத் தலைமையேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,



பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே உங்கள் காதில் ஓர் அறிவுரை விழுந்திருக்கும். "சப்ளையர் யாரையும் கிட்டே சேர்க்காதீங்க சார். ரூமுக்குள்ளே விட்டா நாளைக்கே பெட்டிஷன் போகும்." சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஒரு விஜிலென்ஸ் விசாரணையை அருகிலிருந்து பார்த்தவராகவோ, தணிக்கைக் குறிப்பு ஒன்றினால் ஓய்வுகாலப் பலன்கள் நின்றுபோன சகாவைத் தெரிந்தவராகவோ இருப்பார். நானும் அரசு நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன். எனக்கும் அதையே சொன்னார்கள். எனக்குப் பின் வந்தவர்களுக்கும் அதையே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்த அறிவுரை தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சப்ளையரை விட்டு விலகி நிற்பதற்கே நாம் நேர்மை என்று பெயர் வைத்துவிட்டோம். விலகி நின்று என்ன கண்டோம்? சரக்கு தாமதமாக வருகிறது. ஏன் தாமதம் என்று நமக்குத் தெரிவதில்லை. பில் தேங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை. ஒழுங்காகச் சரக்கு கொடுத்த கம்பெனி அடுத்த டெண்டருக்கு வராமல் ஒதுங்கிக்கொள்கிறது. இவற்றைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. அதிகாரி பேச மறுக்கும் இடத்தில் வேறொருவர் பேச ஆரம்பிக்கிறார். "நான் உள்ளே சொல்லி முடிச்சுத் தர்றேன்" என்று வாசலில் நிற்கும் ஆளுக்கு, நம்முடைய மௌனம்தான் முதலீடு. ஊழலுக்குப் பயந்து சாத்திய கதவுக்கு வெளியே அந்தத் தரகரை நிற்க வைத்ததும் நாமே.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கியதில் நடந்த முறைகேடுகள் அரசையே உலுக்கின. அதன் பிறகுதான் 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995 ஜனவரியிலிருந்து மருந்து வழங்கும் வேலையைக் கையில் எடுத்தது. ஆர். பூர்ணலிங்கம் போன்ற ஆட்சிப்பணி அதிகாரிகள் அதை வடிவமைத்த விதம் பின்னாளில் கேரளத்துக்கும் ராஜஸ்தானுக்கும் முன்மாதிரியானது. 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நிறைவேறி, 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொழில்நுட்ப உறை, விலை உறை என்ற இரண்டு உறை முறையும், டெண்டரை ஏற்றதற்கும் தள்ளியதற்கும் எழுத்தில் காரணமும் நமக்குப் பழகிப்போனது இப்படித்தான். டெண்டர் என்ற முன்பாதியை நாம் ஓரளவு சுத்தமாக்கிவிட்டோம்.

அந்த மருந்துக் கழகம் விலகலை எங்கே வைத்தது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். லாரியில் வந்து இறங்கும் மாத்திரைப் பெட்டிகள் நேராக வார்டுக்குப் போவதில்லை. மாவட்டக் கிடங்கில் தனியாக ஒதுக்கி வைக்கப்படும். பேட்ச் வாரியாக மாதிரி எடுப்பார்கள். அந்த மாதிரியில் கம்பெனியின் பெயரை மறைத்து, ரகசிய எண் இட்டு, பட்டியலில் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. தரமானது என்று அறிக்கை வந்த பிறகே பெட்டி கிடங்கிலிருந்து நகரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக். எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். விலகி நிற்க வேண்டிய இடம் சோதனை மேசை. அங்கே முழுமையாக விலகி நின்றார்கள். நாமோ அந்த விலகலை மற்ற எல்லா மேசைக்கும் நீட்டிவிட்டோம்.

பர்ச்சேஸ் ஆர்டர் போனதும் என்ன நடக்கிறது என்று உங்கள் அலுவலகத்திலேயே கேட்டுப் பாருங்கள். எங்கள் வேலை முடிந்தது என்பார்கள் கொள்முதல் பிரிவில். சரக்கு வந்தால் இறக்கிக்கொள்வோம் என்பார்கள் ஸ்டோர்ஸில். தரக் கட்டுப்பாட்டில் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்பார்கள். கணக்குப் பிரிவில் ஃபைல் இன்னும் எங்களிடம் வரவில்லை என்பார்கள். நான்கு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் அந்த ஒப்பந்தம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற முழுக் கதையைச் சொல்ல அரசுத் தரப்பில் ஒருவர்கூட இல்லை. முழுக் கதையும் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் சப்ளையர். அவரிடம்தான் நாம் பேசுவதில்லை.

அந்த முழுக் கதையையும் கையில் வைத்திருக்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். கொள்முதல் பிரிவின் தலைமை என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உறவு முறிவது பெரும்பாலும் அங்கேதான். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, எழும்பூரில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, அலுவலகம் திறக்கும்போது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் தபால் பிரிவு கொடுத்த இன்வர்டு எண் எழுதிய துண்டுச் சீட்டு. முதல் முறை வந்தபோது டெலிவரி சலானின் அசல் இல்லை என்று பில் திரும்பியது. கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த முறை, சலானில் உள்ள பேட்ச் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். திருத்திக் கொடுத்தார். அதற்கடுத்த முறை, ஸ்டோர்ஸ் முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார்கள். முத்திரை நம்முடையது! மூன்று குறையும் முதல் நாளிலேயே அந்தப் பில்லில் இருந்தவை. ஒரே கடிதத்தில் மூன்றையும் எழுதியிருந்தால் ஒரே பயணத்தில் முடிந்திருக்கும். சனிக்கிழமை தறிக்காரர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டிய மனிதர் அவர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து லட்ச ரூபாய் பில் ஆறு மாதம் நின்றால், வங்கியில் 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு 60,000 ரூபாய் வட்டி. அந்த ஆர்டரில் அவருக்கு நின்றது ஆறு சதவீத லாபம் என்றால், லாபம் முழுதும் போயிற்று. இதற்கிடையில் ஜி.எஸ்.டி. காத்திருக்காது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதமே அந்த வரியை அவர் தன் கைக்காசிலிருந்து கட்டிவிட வேண்டும். நாம் பணம் கொடுத்தோமா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தமானால் நாமும் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம் செய்கிறோம். பிடித்ததை நம் கணக்குப் பிரிவு உரிய ரிட்டர்னில் காட்டினால்தான் அவருடைய கணக்கில் ஏறும். காட்டத் தவறினால் அந்தப் பணமும் அந்தரத்தில் நிற்கும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதினாலும் அதற்கு மேல் போக முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். தொலைபேசியில் "கொஞ்சம் பிரச்சினை இருக்கு" என்று சொன்னது கணக்கில் வராது. சப்ளையர் வழக்கைக் கொண்டுபோக சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று வட்டார அளவில் வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. மன்றம் தீர்ப்பளித்த பிறகு அதை எதிர்த்து நாம் நீதிமன்றம் போவதென்றால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இத்தனை இருந்தும் பெரும்பாலான சிறு சப்ளையர்கள் மன்றத்தின் படியேறுவதில்லை. ஏறினால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நம் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்வது அரசு செய்யக்கூடிய காரியமல்ல.

தாமதத்தால் அரசுக்கு நட்டமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆபீஸில் பில் வர ஆறு மாதமாகும் என்பது சந்தை முழுக்கத் தெரியும். அடுத்த டெண்டரில் அந்த வட்டியை விலையோடு சேர்த்துத்தான் போடுவார்கள். சேர்க்காமல் போட்டு எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவராக வருபவர், ஒன்று விவரம் தெரியாதவர், இல்லையென்றால் தரத்தில் கைவைக்கப்போகிறவர். கறாரானவை என்று பெயர் வாங்கிய பல அலுவலகங்கள் அதிக விலைக்கு மட்டமான சரக்கு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, பேசுவது பற்றி. சப்ளையரோடு பேசுங்கள் என்று நான் சொன்னால், தேநீர்க் கடையில் பேசுங்கள் என்றோ, இரவு வாட்ஸ்ஆப்பில் பேசுங்கள் என்றோ பொருள்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முக்கியமான ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அலுவலகத்திலேயே கூட்டம் போடுங்கள். தனியாக உட்காராதீர்கள், ஸ்டோர்ஸ், தரக் கட்டுப்பாடு, கணக்கு மூன்று பிரிவும் உடன் இருக்கட்டும். பேசியதை அன்றைக்கே மினிட்ஸாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். நாளை தணிக்கையாளர் வந்தால் நீங்களே எடுத்துக் கொடுக்கக்கூடிய காகிதமாக அது இருக்கும். புதிய டெண்டர் திறந்து மதிப்பீட்டில் இருக்கும் நாட்களில், அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசக்கூடாது; நடப்பு ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சு மட்டும் வழக்கம்போல் நடக்கட்டும். ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில், கூட்டத்துக்கே வராதவருக்கும் போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பாக்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்; அதே ஆள் போட்ட கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் அனுப்புங்கள். இரண்டும் நேர்மைதான். முதலாவதை நாம் செய்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

அந்தக் கூட்டத்தின் மேசையில் இரண்டு கணக்கு இருக்க வேண்டும். எத்தனை ஆர்டர் போனது, எத்தனை கெடுவுக்குள் வந்தது, எத்தனை பேட்ச் தரத்தில் தோற்றது என்பது சப்ளையருடைய கணக்கு. பில்லுக்கு எத்தனை நாள் எடுத்தோம், ஆய்வறிக்கை வர எவ்வளவு காலம் ஆனது, தேவைப் பட்டியலை எத்தனை முறை மாற்றினோம் என்பது நம்முடைய கணக்கு. இரண்டாவது கணக்கை வைத்திருக்கும் அலுவலகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிடங்கில் இடமில்லை என்று லாரியை இரண்டு நாள் வெளியே நிறுத்திவிட்டு, அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துத் தாமத அபராதம் பிடித்த பில்லை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அபராதம் பிடித்தவர் விதிப்படிதான் செய்தார். சலானில் இருந்த தேதியைத்தான் பார்த்தார். லாரி வாசலில் நின்றது அவருடைய கோப்பில் இல்லை. இரண்டு கணக்கும் ஒரே மேசைக்கு வந்திருந்தால் அது நடந்திருக்காது.

எல்லாச் சப்ளையருக்கும் இவ்வளவு நேரம் கொடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, கொடுக்கவும் வேண்டாம். பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 1983இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் தொழிலில் பாடமாக இருக்கிறது. வாங்கும் பொருளின் முக்கியத்துவம் எவ்வளவு, அது கிடைப்பதில் உள்ள சிக்கல் எவ்வளவு என்ற இரண்டையும் வைத்துக் கொள்முதல்களைப் பிரிக்கச் சொன்னார். ஃபைல் அட்டையும் பினாயிலும் நூறு பேரிடம் கிடைக்கும். அங்கே விலை பார்த்தால் போதும். ஆனால் பாம்புக்கடி மருந்து?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதன் வேர் நம் மண்ணில்தான் இருக்கிறது. இந்தியாவில் பாம்புக்கடி நச்சுமுறி தயாரிக்கும் கம்பெனிகள் மிகச் சில. அவற்றுக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியிலிருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போன இருளர்களுக்காக 1978இல் தொடங்கிய சங்கம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து மண்பானைகளில் வைத்து, சில வாரங்களுக்குள் சில முறை நஞ்செடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அந்த ஆணை தள்ளிப்போனால் நஞ்சு தள்ளிப்போகும். நஞ்சு கம்பெனிக்குப் போன பிறகு, குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, மாதக்கணக்கில் காத்திருந்து, அவற்றின் ரத்தத்திலிருந்து நச்சுமுறியைப் பிரித்துச் சுத்திகரித்துக் குப்பியில் அடைக்க வேண்டும். மழைக்காலம் வந்து வயலில் பாம்புக்கடி அதிகமான பிறகு, அவசரம் என்று சிவப்பு மையில் எழுதி ஆர்டர் அனுப்பினால் எந்தக் குதிரையும் வேகமாக வேலை செய்யாது.

இந்த மருந்துக்கான ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிக்கு, வனத்துறை ஆணை எந்த மாதம் வெளிவந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது டெண்டர் ஆவணத்தில் இருக்காது. கம்பெனிக்காரரிடம் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். தெரிந்தால், அரசின் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கடிதம் எழுதி வேலையை முடுக்க முடியும். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்து நாடே பெருமைப்பட்டது. அந்தப் பெருமை கொள்முதல் கோப்பிலும் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் மருத்துவமனையின் குப்பி எங்கே தொடங்குகிறது என்பது அந்த வரியில் தெரிந்திருக்கும்.

சப்ளையருக்குப் பின்னால் இருக்கும் சப்ளையரைத் தெரிந்துகொள்ள வேண்டியது பாம்புக்கடி மருந்துக்கு மட்டுமல்ல. 2020 தொடக்கத்தில் சீனாவில் தொழிற்சாலைகள் மூடியபோது, நம் மாத்திரைகளுக்கான மூலப்பொருள் எவ்வளவு தூரம் அந்த ஒரு நாட்டை நம்பியிருந்தது என்பது ஒரே மாதத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. மார்ச் 3 அன்று பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மூலப்பொருள், மருந்துகளின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. பழைய விலையில் கையெழுத்திட்ட சப்ளையர் தன் மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்று சொல்லும்போது, அவர் பொய் சொல்கிறாரா உண்மை சொல்கிறாரா என்று சொல்லும் அறிவு நம்மிடம் இருக்க வேண்டும். இருந்தால் பொய்யை மறுக்கலாம், உண்மைக்கு ஒப்பந்தத்துக்குள் வழி தேடலாம். இல்லாதவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி சந்தேகப்படுகிறார்கள். அதில் தப்பித்துக்கொள்வது பொய் சொல்பவர்தான்.

கறுப்புப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. தரத்தில் ஏமாற்றியவரை விடக்கூடாது. அதில் எனக்கு இரக்கம் கிடையாது. நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்தில் விளையாடியவருக்கு அரசுக் கதவு மூடப்பட வேண்டும். ஆனால் மூடும் முறை சரியாக இருக்க வேண்டும். விளக்கம் கேட்காமல் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1974லேயே எருசியன் எக்விப்மென்ட் வழக்கில் சொல்லிவிட்டது. கறுப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசித்திருப்பதை விளக்கம் கோரும் நோட்டீஸிலேயே தெரிவிக்க வேண்டும் என்று 2014இல் கூர்கா செக்யூரிட்டி வழக்கில் மேலும் விளக்கியது. இதைக் கவனிக்காமல் கோபத்தில் ஆணை போட்டால், கெட்டவர் தடையாணை வாங்கிக்கொண்டு திரும்ப வந்து நிற்பார்.

பெரிய கம்பெனி என்றால் கவலையில்லை என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். கரிலியன் என்ற கட்டுமான, சேவை நிறுவனம் அந்நாட்டு அரசுத் துறைகளோடு சுமார் 420 ஒப்பந்தங்களை வைத்திருந்தது. மருத்துவமனை கட்டியது, பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட்டது, சிறைச்சாலைகளைப் பராமரித்தது. முக்கியமான சப்ளையர்களோடு அரசின் சார்பில் பேசுவதற்கென்றே அங்கே அமைச்சரவை அலுவலகத்தில் தனி அதிகாரிகள் உண்டு. 2017 ஜூலை 10 அன்று, ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டு மதிப்பைக் குறைத்து எழுதுவதாக அந்தக் கம்பெனியே அறிவித்தது. எச்சரிக்கை மணி அதைவிடச் சத்தமாக அடிக்க முடியாது. அதற்குப் பிறகும் அரசிடமிருந்து புதிய ஒப்பந்தங்கள் போயின. கரிலியனைக் கவனிக்க வேண்டிய அந்த அதிகாரியின் நாற்காலி, ஆகஸ்டு முதல் நவம்பர் வரை காலியாகக் கிடந்தது. 2018 ஜனவரி 15 அன்று கம்பெனி திவாலானபோது கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டுதான். தன் கீழிருந்த சிறு சப்ளையர்களுக்கு 120 நாள் கழித்துப் பணம் கொடுத்துவந்த கம்பெனி அது. கட்டுமானம் பாதியில் நின்ற லிவர்பூல் மருத்துவமனை 2022இல்தான் திறந்தது. பர்மிங்காம் அருகே நின்ற இன்னொன்று 2024இல். மற்றக் காரணங்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் ஒரு பெரிய சப்ளையர் ஆட்டம் காணும் மாதங்களில் அரசுத் தரப்பில் பொறுப்பாக ஒருவர் இல்லை என்பது பாடப்புத்தகத்தில் எழுத வேண்டிய குறை.

நம்மூரில் அந்த நாற்காலி அடிக்கடி காலியாகிறது. பணியிட மாற்றம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியாது. வந்தவர் கோப்பைப் படித்து முடிப்பதற்குள் போய்விடுகிறார். அதனால்தான் மினிட்ஸை இவ்வளவு வற்புறுத்துகிறேன். உங்களுக்குப் பின் வருபவருக்கு, ஒவ்வொரு முக்கியச் சப்ளையரைப் பற்றியும் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கட்டும். என்ன தருகிறார், அவருக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எதில் தடுமாறுகிறார், நாம் அவருக்குக் கொடுத்த வாக்கு எது, எதை இன்னும் நிறைவேற்றவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சப்ளையர் சொல்லித்தான் புதிய அதிகாரி பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எவ்வளவு ஆபத்தானது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்குக் கீழே இருக்கும் உதவியாளர்களையும் கண்காணிப்பாளர்களையும் மறந்துவிடாதீர்கள். சப்ளையரிடம் தினமும் பேசுவது அவர்கள்தான். ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதற்காக நாளை விசாரணை வந்தால், என் சார் என் பக்கம் நிற்பார் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தால் போதும், பாதிப் பில்கள் தானாக நகரும். அந்தத் தைரியத்தைச் சுற்றறிக்கை போட்டு உண்டாக்க முடியாது. முதல் முறை பெட்டிஷன் வரும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. புதிய மென்பொருளோ புதிய சட்டமோ இதற்குத் தேவையில்லை. இந்த வாரம் கணக்குப் பிரிவிடமிருந்து ஒரு பட்டியல் கேளுங்கள்: 45 நாளைத் தாண்டிய பில்கள், யாருடையது, எந்த மேசையில், என்ன குறைக்காக. பட்டியல் வந்ததும், குறை உள்ள பில்களுக்கு எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். குறை இல்லாதவற்றுக்குப் பணத்தை விடுவியுங்கள். பிறகு உங்கள் ஒப்பந்தங்களில், அந்த ஒரு பொருள் இல்லாவிட்டால் மருத்துவமனையோ பேருந்தோ மின்சாரமோ நின்றுபோகும் என்றிருக்கும் பத்துச் சப்ளையர்களின் பெயரை எழுதிக்கொண்டு, அவர்களை ஒவ்வொருவராக, கதவைத் திறந்து வைத்து, மினிட்ஸ் எழுதும் ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கொள்முதல் அலுவலர் ஒருவர்